தலையணைக்கு மூணு ஸ்டார்

தெருவே அவளை மூணு ஸ்டார் அக்கா என்றுதான் கூப்பிடும். ஆன்லைனில் எதை வாங்கினாலும் சில நாள் வைத்துப் புழங்கிப் பார்த்துவிட்டு, நல்லது கெட்டது இரண்டையும் எழுதி, மூன்று நட்சத்திரம் போட்டு அனுப்பிவிடுவாள். குடைக்கு மூன்று. குக்கருக்கு மூன்று. விளக்குமாற்றுக்கும் அதேதான்: "நன்றாகப் பெருக்குகிறது. ஆனால் பெருக்கும் குப்பையில் பாதி அது உதிர்த்ததுதான்."

கல்யாணமான புதிதில் கணவர் ஆசை ஆசையாக டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டி, எப்படி என்று கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "மூணு போடலாம், சர்க்கரை தூக்கல்" என்றாள். பஸ் ஓட்டுகிறவர், மேடு பள்ளம் பார்த்த மனிதர். அன்றே விஷயத்தைப் புரிந்துகொண்டு அடுத்த தடவை சர்க்கரையைக் குறைத்துவிட்டார்.

இதெல்லாம் அவள் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் செக்ஷன். மேஜை மேல் டியூப் லைட், கைக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன சிவப்பு ஸ்டிக்கர். காலர், பாக்கெட், காஜா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, தையல் தப்பிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஒட்டினால் தைத்தவள் மேல் கோபம் என்று அர்த்தமில்லை. அந்த இடத்தை மட்டும் பிரித்துத் தைத்தால் சட்டை தேறிவிடும், அவ்வளவுதான். இது புரியாத பாதிப் பேர் அவளைக் குறை சொல்லும் பொம்பளை என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், மிக்ஸி வாங்கும் முன்னால் அவர்களும் அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள்.

ஐந்தாக மாற்றினால் கூப்பன் தருகிறோம் என்று எந்தக் கம்பெனியாவது செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியையும் படம் பிடித்துத் தன் கருத்துக்குக் கீழேயே போட்டுவிடுவாள். நுகர்வோர் உதவி எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் அந்தத் தெருவில் அவள்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தம்பி. இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு அக்கா கையால்தான். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் அது மாறவில்லை. அவன் வேலை பார்த்த கடை மூடிப்போனதும் மாடி அறையில் தையல் மெஷின்களைப் போட்டுத் தலையணை செய்து ஆன்லைனில் விற்க ஆரம்பித்தான். முதல் தலையணை அக்காவுக்குத்தான். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று தெரியும். அதனால் அவளையே ஆர்டர் போடச் சொல்லிவிட்டு, "அஞ்சு போட்டுடுக்கா" என்று சிரித்தான்.

அவள் தலை வைத்துப் படுத்தாள். தூக்கம் சுகமாகத்தான் வந்தது. ஆனால் பஞ்சை அடைத்து மூடும் வாய்த் தையல் ஒரு வாரத்தில் விட்டுப்போய், காலையில் எழுந்தபோது கூந்தலெல்லாம் பஞ்சு. அவள் உட்கார்ந்து எழுதினாள்: "தலையணை மெத்தென்று இருக்கிறது. வாய்த் தையல் சரியில்லை, பிரிந்துவிட்டது. நானே தைத்துக்கொண்டேன். அதன்பிறகு நல்ல தூக்கம்." மூன்று நட்சத்திரம்.

அன்று சாயங்காலமே தம்பி வந்துவிட்டான், மூக்குக்கு மேல் கோபத்தோடு.

"ஏங்க்கா, கூடப்பொறந்தவதானே நீ? என் காதுல சொன்னா ஆகாதா? ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"வாங்கினவங்க எழுதத்தான்டா அந்த இடம் இருக்கு. பொய்யா எழுதினா, நாளைக்கு வாங்குறவன் தலையில பஞ்சு ஒட்டாதா?"

"அதை மாத்து. இல்லன்னா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவள் மாற்றவில்லை. அவன் மிதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரும். அவள் பழக்கதோஷத்தில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைப்பாள். பிறகு அதை எடுத்துக் கழுவுவாள், சாப்பிடாத தட்டைக் கழுவுகிறோமே என்றுகூடத் தோன்றாமல். ஒரு நாள் விரல் அந்த மூன்றைத் தொட்டு ஐந்துக்குப் போகப் பார்த்தது. போக முடியவில்லை. தம்பி வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பொய் மட்டும் வரவில்லை.

கொஞ்ச நாளில் தம்பியின் கடைப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. கணவர்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'அருமையான தலையணை. சார்ஜ் ரெண்டு நாள் நிக்குது.'"

"என்னது?"

"இரு, இன்னொண்ணு கேளு. 'மோட்டார் சத்தமே இல்லை.' இது இன்னும் பிரமாதம், 'என் குழந்தை விரும்பிச் சாப்பிடுது.'"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவள் போனை வாங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தாள். காசு கொடுத்துப் பொய்க் கருத்து எழுதவைப்பது நுகர்வோர் சட்டப்படி குற்றம் என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் போதும், தம்பியின் பிழைப்பு போய்விடும்.

மறுநாள் வேலை முடிந்து நேராக அவன் மாடிக்கு ஏறினாள்.

"யார்டா இதை எழுதினது?"

"ஒரு ஏஜென்ட். எல்லாக் கடைக்காரனும் இப்படித்தான்கா பண்றான். நான் மட்டும் உக்காந்து ஈ ஓட்டணுமா?"

"போன் விக்கிறவனுக்கும் மிக்ஸி விக்கிறவனுக்கும் எழுதினதை உனக்கு ஒட்டிட்டுப் போயிருக்கான். நீ படிச்சுக்கூடப் பாக்கலையா? முதல்ல எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு."

"நீ முதல்ல உன் மூணை எடு."

அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான், அவள் படியிறங்கிவிட்டாள்.

அவள் பயந்ததுதான் நடந்தது. தையல் பிரிந்து கடுப்பான ஒருத்தர், 'சார்ஜ் நிக்குது' என்ற கருத்தைப் படம் பிடித்துப் புகார் அனுப்பிவிட்டார். நுகர்வோர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. ஆன்லைன் நிறுவனம் கடையை நிறுத்தி வைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி, மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியிலேயே வந்து நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நீதானேக்கா புகார் குடுத்தே?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "டேய், நான் என்னிக்குடா பேர் போடாம எழுதியிருக்கேன்? விளக்குமாறுக்கே பேர் போட்டு எழுதினவ, உனக்கா ஒளிஞ்சு நின்னு எழுதுவேன்?"

அவன் யோசித்தான். அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "கடை போச்சுன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?"

"முதல்ல வந்து சாப்பிடு. விசாரணைக்கு நானும் வரேன்."

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஆனால் விசாரணை நாளன்று, அவள் வருவதற்கு முன்பே அலுவலக வாசலில் ஒரு பையோடு அவளுக்காகக் காத்திருந்தான்.

மின்விசிறி கிறீச்சிடும் ஓர் அறை, எதிரே கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா. அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். பொய்க் கருத்துகளை நிறுவனம் கூண்டோடு நீக்கியிருந்தது. கடைப் பக்கத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான், மூன்று நட்சத்திரம்.

அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "தையல் சரியில்லைன்னு இவங்க முன்னாடியே எழுதியிருக்காங்களே. தெரிஞ்சும் அதையேதான் வித்தீங்களா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கருத்தே தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"இல்லைங்க மேடம். மாத்திட்டேன்" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"எப்போ?"

"அதைப் படிச்ச அன்னிக்கே. சண்டை போட்டுட்டு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா வாய்த் தையலை மாத்தினேன். அதுக்கு முன்னாடி வித்ததைத் திரும்ப வாங்காம விட்டுட்டேன். பொய்யா எழுதவும் வெச்சேன். ரெண்டும் தப்புதான்."

பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்தான். அதிகாரி கை நீட்டுவதற்குள் அக்கா அதை வாங்கிவிட்டாள். வாய்த் தையலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நகத்தால் நெருடினாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், இன்னும் பலமாக இழுத்தாள். இரட்டைத் தையல், இரண்டு முனையிலும் முடிச்சு. ஸ்டிக்கர் ஒட்ட இடமே இல்லை. வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று கத்திய பயல், அவள் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதீங்கம்மா" என்றார் அதிகாரி. "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"அக்கா மேடம்."

"சொந்த அக்காவா? அப்போ அதையும் எழுதியிருக்கணுமே! விக்கிறவருக்கு உறவுன்னா, படிக்கிறவங்களுக்கு அது தெரிய வேண்டாமா?"

அடுத்தவர் சட்டையில் நூல் தேடியே பழகியவள் அசடு வழிந்தாள். தம்பி அத்தனை கவலையிலும் களுக்கென்று சிரித்துவிட்டான்.

பழைய சரக்கு வாங்கினவர்களுக்கெல்லாம் புதுசு கொடுக்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இனி பொய்க் கருத்து வாங்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். மறுபடி நடந்தால் அபராதம். அவ்வளவோடு விட்டார்கள். அந்த ஏஜென்ட் யார் யாருடைய கணக்குகளையோ திருடித்தான் எழுதியிருந்தான், அதனால் அவன் விவரம் சைபர் போலீசுக்குப் போனது.

கடை மறுபடி திறந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி முதல் ஆளாக வந்து தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டான். வாய் நிறையச் சோற்றோடு போனைத் திறந்து, அக்கா திருத்திய கருத்தைப் படித்தான். மேலே புதிதாக இரண்டு வரி: "விற்பவர் என் தம்பி. இப்போது தையலை மாற்றிவிட்டான், இழுத்துப் பார்த்தேன், நிற்கிறது." கீழே பழையது அப்படியே இருந்தது. நட்சத்திரமும் மூன்றுதான்.

கணவர் கலவரமாக இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாப்ளே, மறுபடியும் கோவமா?"

"இல்ல மாமா. அந்தத் தலையணைக்கு மூணுதான்" என்றான் தம்பி.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்: "சாப்பாடு எப்படிடா?"

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு "சூப்பர்க்கா" என்று மட்டுமே சொல்லிப் பழகியவன், இன்னொரு வாய் எடுத்து நிதானமாக மென்று பார்த்தான்.

"மூணு" என்றான். "உப்பு கம்மி. எப்பவுமே கம்மிதான்க்கா."

கணவர் தட்டைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு வீடே அதிரச் சிரித்துக்கொண்டு உப்பு டப்பாவை எடுக்கப் போனாள்.