அடுப்புக்குக் குடை

கோத்தகிரியில் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படிப்பட்ட ஊரில் வெட்டவெளியில் கறி சுடுகிறவன் கிறுக்கனாகத்தான் இருக்க வேண்டும். பல வருடங்களாக அந்தக் கிறுக்கன் நான்தான். எண்ணெய் பீப்பாயைப் படுக்கவைத்து நீளவாக்கில் அறுத்து, கீல் போட்டு மூடியாக்கி, ஓரத்தில் ஒரு புகைபோக்கியும் வைத்து வெல்டிங் கடையில் செய்து வாங்கிய அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் கரி மூட்டி, பன்றித் தொடையை உள்ளே வைத்து மூடினால் சாயங்காலம்தான் திறப்பது.

மழை வந்தால் மனைவி குடையோடு வருவாள். குடை எனக்கு அல்ல, அடுப்புக்கு. மூடியில் மழை விழுந்தால் சூடு இறங்கிவிடும், கறி வேகாது. மேலே தகரம் போட்டுவிடலாம் என்றால், "தகரத்துல மழ விழுந்தா நாம பேசறது கேக்காதுங்க" என்பாள். நாம் பேசுவது என்றால் அவள் பேசுவது. கோயில் பாடகர் குழுவில் யார் சுதி விட்டது, பக்கத்து வீட்டு ஆடு எதைத் தின்றது, எல்லாம் வரும். நான் 'ம்' போடுவேன். கதகதப்புக்காகப் புகைபோக்கி ஓரம்தான் நிற்பாள். அந்தச் சூட்டில் குடைத்துணி உருகி ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக அவள் தோளில் மழை சொட்டும். "கொடைய உம் மேலயும் கொஞ்சம் புடி" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டதே இல்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். எனக்கு அழுகை வரவில்லை. வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. கல்லறையிலிருந்து வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். "கல்லு மாதிரி இருக்கீங்கப்பா, பயமா இருக்குது" என்றாள். தன்னோடு வந்துவிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன்.

"அப்படின்னா அடுத்த மழக்காலம் முடியற வரைக்கும் பாப்போமுங்க. ஒழுங்கா சமச்சுச் சாப்பிட்டுத் தனியா இருக்க முடியலைன்னா எங்கூட வந்தரணும்."

சரி என்றேன். வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுபடி மழை தொடங்கியபோது மகள் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அதிலிருந்து ஒரு கம்பி அடுப்புக்குள் போய்ச் சூட்டைப் பார்க்கும். இன்னொன்றைக் கறியில் குத்திவிட வேண்டும். சூடு குறைந்தால் அடுப்பின் அடியில் பொருத்திய குட்டி ஃபேன் கரிக்குக் காற்று ஊதும், கூடினால் தானாக நிற்கும். எல்லாம் போனில் தெரியும். என் போனிலும் தெரியும், கோயம்புத்தூரில் அவள் போனிலும் தெரியும்.

"நீங்க மழைல நிக்கவே வேண்டாமுங்கப்பா. உள்ள உக்காந்து பாத்தாப் போதும்."

இந்தப் பெட்டி கறியைப் பார்த்துக்கொள்ளவா, என்னைப் பார்த்துக்கொள்ளவா என்று கேட்க நினைத்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

முதல் ஞாயிறே சொதப்பினேன். டீ பாக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். மழை நாளில் இலை ஈரமாக வந்தால் காற்றைக் கூட்டுவதுதான் அங்கே பழக்கம். தூறல் விழுந்ததும் கை தானாகப் போய், கரிக்குக் காற்று போகும் அடுப்பின் அடிக்கதவைத் திறந்துவிட்டது. ஃபேன் நின்றது, சூடு நிற்கவில்லை. போன் அடித்தது.

"ஏனுங்கப்பா, ஃபேன் நின்னும் சூடு ஏறிட்டே இருக்குதே. அடிக்கதவத் தொறந்து வெச்சிருக்கீங்களா?"

"ஈரத்துக்குக் காத்து வேண்டாமா கண்ணு?"

"காத்த அந்தப் பெட்டி பாத்துக்குமுங்க. நீங்க கதவ மூடுங்க."

கறி மேலே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. கோயம்புத்தூர்ப் பேச்சை அன்று மறுபடி எடுத்தாள். அதன்பின் ஒழுங்காகவே செய்தேன். பெட்டிக்குப் பிளாஸ்டிக் பை கட்டினேன், கதவை மூடினேன், உள்ளே உட்கார்ந்து போனைப் பார்த்தேன். கறி நன்றாக வெந்தது. முன்பைவிட நன்றாக என்றே சொல்லலாம். எனக்குத்தான் ருசி தெரியவில்லை.

மனைவியின் வருட நினைவு நாள் வந்தது. சாயங்காலம் வீட்டில் ஜெபம், வருகிறவர்களுக்குப் பன்னும் பன்றிக்கறியும். மகள் காலையிலேயே கிளம்பியிருந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டி ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள்.

"கறிய வெச்சுட்டீங்களாப்பா?" என்று போனில் கேட்டாள்.

"வெச்சாச்சு."

"சரிங்க, நான் இங்கிருந்தே பாத்துட்டு இருக்கறேன்."

மத்தியானம் மழை வலுத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் விடாமல் ஊதியும் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே ஊதினால் கறி வேகுமுன் கரி தீர்ந்துவிடும். கதவுக்குப் பின்னால் மனைவியின் குடை தொங்கியது. எடுத்துக்கொண்டு போய் அடுப்பின்மேல் பிடித்தேன். குளிருக்குப் புகைபோக்கி ஓரம்தான் நிற்கத் தோன்றியது. ஓட்டை வழியாகத் தோளில் சொட்டியது. மெல்லச் சூடு ஏறி, ஃபேன் அடங்கியது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஃபேன் நின்னுருச்சே. மழ நின்னுருச்சுங்களாப்பா?"

"நின்னுருச்சு கண்ணு."

"உள்ளதான இருக்கீங்க?"

"உள்ளதான்."

குடையில் மழை அடிக்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. நனைந்துகொண்டு நிற்பது தெரிந்தால் துணிமணியைக் கட்டச் சொல்வாள் என்று பயந்தேன்.

"அப்பா" என்றாள் கடைசியில். "கொடைய உங்க மேலயும் கொஞ்சம் புடிங்க."

அழுகை வந்தது. ஒரு வருடமாக வராதது, மூக்கு ஒழுக, சத்தமாக வந்தது. அவள் போனை வைக்கவில்லை. நான் குடையை நகர்த்தவில்லை.