நூல் கயிற்றால் அளந்த மைதானம்

பாளையம்பட்டிக்குப் போகும் வழியில், பழைய ஜின்னிங் ஆலைக்குப் பின்னால் எங்கள் ஃபுட்பால் மைதானம் இருக்கிறது. மைதானம் என்று நாங்கள்தான் சொல்கிறோம். முன்பு அது பருத்தி காயப்போட்ட களம். ஆலை மூடிய பிறகு சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது. டவுன் ஆட்கள் சிலர் சேர்ந்து முள்ளை வெட்டி, ஒரு லோடு மணல் அடித்து, இரண்டு பக்கமும் கோல் கம்பமாகச் சவுக்குக் கம்பு நட்டார்கள். அடியில் கரிசல் என்பதால் கோடையில் வெடிப்பு விடும். பந்து வெடிப்பில் பட்டு யாரும் நினைக்காத பக்கம் திரும்பும். வெளியூர் அணிகள் அதற்கே பயந்தன.

நான் ஒருநாளும் ஆடியதில்லை. விசைத்தறிக் கூடங்களில் பாவு பிணைப்பது என் வேலை. தறியில் தீர்ந்துபோன நீளவாட்டு நூலின், அதாவது பாவின், நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். முள் வெட்டிய அன்று வேடிக்கை பார்க்கப் போன என் கையில் யாரோ சுண்ணாம்புச் சட்டியைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் கோடு போடுவது என் பொறுப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு அது வசதி.

டேப் வைத்து அளந்தால் மறுமுனையைப் பிடிக்க ஒருவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால் மீந்துபோன பாவு நூலில் ஒரு கயிறு திரித்தேன். அதன் வளையத்தைக் கோல் கோட்டின் நடுவில் அடித்த முளையில் மாட்டி இழுத்தால், முடிச்சு வரும் இடம்தான் பெனால்டி புள்ளி. முடிச்சைச் சரியாக அளந்துதான் போட்டிருந்தேன்.

போன ஐப்பசி மழையில் அந்தக் கயிறு கோல் கம்பத்திலேயே தொங்கி நனைந்தது. காய்ந்ததும் எடுத்து வழக்கம்போல் கோடு போட்டேன். பொங்கல்வரை அந்தக் கோட்டில்தான் பயிற்சி நடந்தது.

பொங்கலுக்கு விருதுநகரில் போட்டி. ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போனது. எங்களில் முதல் நான்கு பேர் அடித்ததெல்லாம் கோல். ஐந்தாவதாக அடித்தவர் அணியில் மூத்தவர், முப்பது வயது, விசைத்தறி ஓட்டுபவர். பந்து கம்பிக்கு மேலே போய்விட்டது. தோற்றோம்.

மறுநாள் டீக்கடையில் அவர் வந்து உட்காரும்வரை காத்திருந்து ஊர்ப் பெருசுகள் கேலியை ஆரம்பித்தார்கள்.

“ஏலே, பந்து எம்.ரெட்டியபட்டில கெடக்காம். ஷேர் ஆட்டோல போயி எடுத்துட்டு வாரியா?”

“அதையும் தாண்டிருச்சாம்லே. பஸ்ஸுலதான் போகணும்.”

அவரும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு மைதானத்துக்கு வரவில்லை.

மாசியில் கம்புகளை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் நட ஒரு வெல்டிங்காரர் வந்தார். வேலை முடிந்து போகிற போக்கில் பெனால்டி புள்ளியையும் டேப்பால் அளந்து பார்த்தார்.

“யாருண்ணே இதப் போட்டது? ஒன்ர மொழம் குறையுது.”

அப்போது அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. நான் கயிற்றைப் பார்த்தேன். நனைந்த நூல் சுருங்கும். சேலை நெய்யும்போது சுருக்கத்துக்கென்று கூடுதலாக நீளம் விடுகிறவர்கள் நாங்கள். கயிறாகத் திரித்ததும் அது நூல் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

கிட்டத்திலிருந்து அடித்துப் பழகிய கால், தூரம் கூடியதும் பந்தைத் தூக்கிவிட்டது என்று நினைத்தேன். அவரைக் கெடுத்தது நான்தான். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்தேன். நான்காம் நாள் அவருடைய தறிக்கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“தம்பி, கோடு தப்பு. என் கயிறு சுருங்கிப்போச்சு. நீங்க அடிச்சதுல தப்பில்ல.”

அவர் தன் தறியை நிறுத்தினார். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“மத்த நாலு பேரும் அதே கோட்டுலதானண்ணே பழகுனாங்க?”

நான் அவர் தறியில் அறுந்து தொங்கிய ஓர் இழையைப் பிடித்து முடிந்தேன்.

“எனக்குக் காலு நடுங்குச்சு. அம்புட்டுத்தான். கயித்து மேல பழியப் போடாதீக.” பிறகு அவரே கேட்டார், “ஒரு டேப்பு வாங்கலாம்லண்ணே?”

“அந்தப் பக்கம் புடிக்க ஆளு வேணும்.”

தறியை மறுபடி ஓட விட்டார். “ஞாயித்துக்கெழம வாரேன்,” என்றார்.

சொன்னபடி வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, நான் வாங்கி வைத்திருந்த டேப்பின் நுனியைக் கோல் கோட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். இரண்டு பக்கமும் அளந்தோம். நான் சுண்ணாம்பு வைத்ததும் எழுந்து வந்து அந்தப் புள்ளிக்குப் பின்னால் நின்று புதுக் கம்பியைப் பார்த்தார். மணலைக் காலால் ஒரு தடவை தள்ளிவிட்டார். சாயங்காலம் ஆட வாங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுண்ணாம்புச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஷிப்டு இருக்கு, போறேண்ணே,” என்று கிளம்பினார்.

அன்று மாலை பயிற்சி முடியும்வரை ஓரத்தில் நின்றேன். அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

இப்போது டேப்பின் நுனியில் ஒரு கல்லை வைத்துக்கொள்கிறேன். இழுக்கும்போது கல் சில சமயம் நகர்ந்துவிடுகிறது. திரும்ப நடந்து போய், கல்லைச் சரியாக வைத்துவிட்டு வந்து, மறுபடியும் அளக்கிறேன்.