கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெயர்கள்

ஜப்பான்காரன் காலம். இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தாலே உதை. நானோ பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் நாவல், சரித்திரம், வானசாஸ்திரம் என்று முப்பது புத்தகங்களை ஒளித்துவைத்து நண்பர்களுக்கு இரவல் கொடுத்தேன். காலேஜ் பழக்கம் விடவில்லை. எடுப்பவர்கள் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதவேண்டும் என்று சட்டம் வேறு!

"பேரெல்லாம் எதுக்கு தம்பி?" என்றார் கடைக்கார நானா.

"புக்கு தொலைஞ்சா நீங்களா தருவீங்க?" என்றேன் திமிராக.

ஒரு காலை சிப்பாய் ஒருவன் உள்ளே நுழைந்தான். மேசையில் நான் விரித்திருந்த வானசாஸ்திரத்தைத் தூக்கி, "ஆப்பா இனி?" இது என்ன என்று அரைகுறை மலாயில் அதட்டினான். அதன் கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெயர்கள். பார்த்தானென்றால் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போவான்.

"புங்குஸ், துவான்! புங்குஸ்!" பொட்டலம் கட்டும் தாள் என்று சிரித்தபடியே நானா புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தை முதலில் கிழித்து, சுடுகிழங்கைச் சுற்றி என் கையில் திணித்தார். "ஆறிடப் போவுது, ஓடு தம்பி!" அடுத்த பக்கத்தில் சிப்பாய்க்கும் ஒரு பொட்டலம்.

சாயங்காலம் திரும்பிப் போனேன். நாள் முழுக்கக் கிழித்திருக்கிறார். அட்டை மட்டுமே மிச்சம்.

"நல்ல புக்காச்சே, மன்னிச்சிரு தம்பி," என்றார்.

நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய், மற்றப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைக் கிழிக்க ஆரம்பித்தேன்.