புகையைக் கண்டால் ஓடுகிற மர்டோ

மான் சுமக்கிற மட்டக்குதிரையை நடத்தி வருகிறவன் ஓடக் கூடாது. எங்கள் வடக்கு ஸ்காட்லாந்து மலைகளில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செத்த மான் எழுந்து எங்கும் போய்விடாது. ஓடினால் குதிரையின் கால்தான் சேற்றுக்குழியில் மாட்டி முறியும். ஆனால் மர்டோ மாக்ரேயை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

அது 1953 ஆகஸ்ட். முந்தைய அக்டோபரில் இறந்துபோன லாக்லன் என்ற வேட்டைக்காரருக்குப் பதிலாக என்னை மான் வேட்டைக்கென்றே இருந்த ஓர் எஸ்டேட்டில் வேலைக்கு வைத்திருந்தார்கள். மர்டோ அங்கே குதிரைக்காரன். துரைமார் தெற்கிலிருந்து ரயிலேறி வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே தவழ்ந்து போய் மானைச் சுட வைப்பது என் வேலை. குதிரைக்காரன் காலையிலிருந்து கீழே ஓடைத் துறையில் காத்திருப்பான். மான் விழுந்ததும் நாங்கள் காய்ந்த புதரைக் கொளுத்திப் புகை விடுவோம். ஒரு புகை என்றால் ஒரு மான், இரண்டு என்றால் இரண்டு. அதைப் பார்த்து அவன் ஏறி வருவான். அதற்குள் நாங்கள் குடலை எடுத்து, துரைக்கு விஸ்கி ஊற்றிக் கொடுத்து, அவர் சுட்ட அழகைப் பற்றி நாலு பொய்யும் சொல்லி முடித்திருப்போம்.

அன்றைக்கு நான் குடலில் கத்தியே வைக்கவில்லை. அதற்குள் வந்துவிட்டான். குதிரைக்கு வாயில் நுரை தள்ளியிருந்தது. அவனுக்கு நாற்பது வயது இருக்கும். மூச்சு முட்டி நின்றான். விழுந்து கிடந்த மானை அவன் பார்க்கவே இல்லை. என் கை, கால், துரையின் கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?”

“மானுக்குத்தாம்ப்பா ஏதோ ஆகியிருக்கு,” என்றேன்.

துரை சிரித்தார். மர்டோ சிரிக்கவில்லை. திரும்பி நின்று, குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்து மூச்சு வாங்கினான். சரியான பைத்தியம் ஒன்றைப் பிடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. குதிரையின் கண்ணைத் தன் கோட்டால் மூடுவான். அதன் மூக்கில் மான் ரத்தத்தைத் தொட்டு வைப்பான்; அப்புறம் அது அந்த வாடைக்கு மிரளாது. இருவரும் ஒரே மூச்சில் மானைச் சேணத்தின்மேல் ஏற்றுவோம். தலையைப் பின்னால் திருப்பிக் கட்டுவான், கொம்பு குதிரையின் விலாவைக் குத்தாமல் இருக்க. ஒவ்வொரு வாரையும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். அவன் கட்டிய மான், மூன்று மைல் பாறையிலும் சேற்றிலும் இறங்கினாலும் ஓர் அங்குலம் நகராது. மற்றபடி பேச்சே கிடையாது. முன்பெல்லாம் நன்றாகப் பாடுவான் என்று சமையற்கட்டில் சொன்னார்கள். அவன் வாயிலிருந்து ஒரு சீட்டியைக்கூட நான் கேட்டதில்லை.

செப்டம்பர் வந்ததும் தொல்லை பெரிதாயிற்று. மலையில் மூடுபனி இறங்க ஆரம்பித்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. பாறை இடுக்கிலிருந்து ஒரு கீற்றுப் பனி எழுந்தாலும் புகை என்று கிளம்பிவிடுவான். ஒருநாள் வயசான கர்னல் ஒருவரை நாலு மணி நேரம் தண்ணீரிலும் சகதியிலும் வயிற்றால் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள கலைமான் எதிரே நிற்கிறது. கர்னல் துப்பாக்கியைத் தோளில் வைக்கிறார். அந்த நேரம் பார்த்து மர்டோ குதிரையோடு ஓடி வந்தான். மான்கள் மொத்தமாக அந்தப் பக்கச் சரிவில் இறங்கி மறைந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் கர்னல் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டேன்.

“உனக்குக் கண்ணு என்ன பொட்டையா?”

“புகை தெரிஞ்சுது.”

“யாருடா போட்டா புகை? செத்துப்போன உங்க தாத்தாவா?”

“யாருன்னு தெரியல, ஹெக்டர். ஆனா தெரிஞ்சுது. அதோ, அங்க.”

அவன் கை நீட்டிய இடத்தில் பனிகூட இல்லை. மேலே தட்டையாக ஒரு வெற்றுப் பாறை, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் மலையில் பயப்படுகிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் நீட்டிய கையைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவனை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது என்று முடிவு செய்துவிட்டேன். மேனேஜரிடம் போகும் முன் அவன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனேன். அக்கா எஃபிதான் லாக்லனின் மனைவி. மர்டோ அவள் வீட்டில் இருந்தான். அவள் அடுப்புக் கல்லில் ஓட்ஸ் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் ரொட்டியைக் கருக விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஹெக்டர், லாக்லன் எப்படிச் செத்தான்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?”

“மான் குத்திருச்சுன்னு சொன்னாங்க.”

“அவ்வளவுதானே சொல்லியிருப்பாங்க.”

அவள் சொன்னது இது. மர்டோ எனக்குக் கை காட்டிய அதே தட்டைப் பாறையில், லண்டன் துரை ஒருவர் சுட்ட மான் சாகாமல் கிடந்திருக்கிறது. லாக்லன் கத்தியோடு அதன் கழுத்தருகே குனிந்தபோது அது ஒரே ஒரு தடவை தலையை ஆட்டியது. கொம்பு அவன் தொடைக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. துரைக்குக் கைக்குட்டையை வைத்து அழுத்துவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. லாக்லன்தான் புதரைக் கொளுத்தச் சொன்னான். கீழே மர்டோ இருக்கிறான். போரில் மர்டோ காயம்பட்டவர்களைத் தூக்கும் படையில் இருந்தவன். ரத்தம் கொட்டுகிற காலை எங்கே, எப்படிக் கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

“மர்டோ புகையைப் பார்த்ததும் ஓடினான்,” என்றாள் எஃபி. “ஓடை பெருகிக் கெடந்துச்சு. அங்கேர்ந்து அந்தப் பாறைக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமாம். போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. லாக்லன் உடம்பை மான் சேணத்துலதான் வச்சுக் கட்டிக்கொண்டாந்தான். வாசல்ல நின்னு ஒவ்வொரு வாரா நான்தான் அவுத்தேன். ஒண்ணுகூடத் தளரல. மர்டோவையா வேலையவிட்டு அனுப்பப்போறே?”

நான் எழுந்துவிட்டேன். ஏனென்றால் அந்த மலை இப்போது என் மலை, அதன் தூரமெல்லாம் எனக்குத் தெரியும். ஓடைத் துறையிலிருந்து அந்தப் பாறைக்கு, தண்ணீர் பெருகிக் கிடந்தாலும், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தாலே அரை மணி நேரம்தான். எஃபி ஒருநாளும் அங்கே ஏறியதில்லை. தம்பி சொன்னதை நம்பியிருக்கிறாள். அந்த அரை மணிக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரிடமும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மர்டோ ஓடி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது நின்றுபோயிற்று.

அக்டோபர் இரண்டாவது வாரம். ஆண்மான்கள் இரவும் பகலும் கத்துகிற காலம். எஃபி என் கதவைத் தட்டினாள்.

“நாளைக்கு என்னை லாக்லன் செத்த பாறைக்குக் கூட்டிட்டுப் போ. மர்டோகிட்ட சொல்லாதே.”

“எதுக்கு எஃபி இப்ப?”

“ஒரு கடுதாசி வந்திருக்கு.”

அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை. மறுநாள் துரைமார் யாரும் இல்லை. பங்களாவுக்கு ஒரு மான் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மர்டோ எப்போதும்போல் ஓடைத் துறைக்குப் போய்விட்டான். நான் எஃபியைப் பின்பக்கச் சரிவு வழியாக ஏற்றினேன். பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்குச் சளைக்காமல் ஏறினாள். பத்து மணிக்கு ஒரு கிழட்டு மானைச் சுட்டேன். அது விழுந்த இடத்திலேயே புகை போட்டிருக்கலாம்.

“அந்தப் பாறைக்கு இழுத்துட்டுப் போ,” என்றாள்.

கொம்பில் கயிறு போட்டு, புதர்மேல் சறுக்க விட்டு, இருநூறு கெஜம் இழுத்தோம். பாறைக்கு வந்ததும் என் தூரக்கண்ணாடியைக் கேட்டாள். கீழே ஓடையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அவன் மூஞ்சிகூடத் தெரியுது,” என்றாள். பிறகு இடுப்பிலிருந்து லாக்லனின் கடிகாரத்தை எடுத்தாள். “கொளுத்து.”

நான் கொளுத்தினேன். சுற்றிலும் மான்கள் கத்திக்கொண்டிருந்தன. எஃபி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரிவில் முதலில் குதிரையின் மூச்சு கேட்டது, பிறகு அவன் தலை தெரிந்தது. வந்தவன் வழக்கம்போல் என் கை கால்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“அக்கா?”

“பத்தொம்பது நிமிஷம்,” என்றாள் எஃபி.

எதைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. குதிரையின் கயிறு கையிலிருந்து நழுவியது. நின்றபடியே சொன்னான்.

“உக்காந்திருந்தேன் அக்கா. புகையைப் பார்த்தேன். பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.”

“ஏன்?”

“காலையில மச்சான் அந்தத் துரை முன்னால கேலி பண்ணினான். ‘என் மச்சானுக்கு மானைக் கட்டத் தெரியும், பொண்ணைக் கட்டத்தான் தெரியல’ன்னான். பள்ளிக்கூடத்து டீச்சர் என்னை வேண்டாம்னு சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. துரை விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்கு ஆறல. ஒரு மான்தானே, அவனும் குளிர்ல கொஞ்சம் நிக்கட்டும்னு பைப்பைப் பத்தவச்சேன். தீர்ந்ததும் மறுபடி நெரப்பினேன்.” அவன் கீழே ஓடையைப் பார்த்தான். “அப்புறம்தான் கெளம்பினேன். நடந்துதான் வந்தேன் அக்கா. ஓடக்கூட இல்ல.”

எஃபி அவனை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கே நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கடிகாரத்தை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“மானைத் தூக்குங்க. கீழ எறங்கணும்.”

தூக்கினோம். மர்டோவின் விரல்களுக்கு வார் பிடிபடவில்லை. மூன்று முறை கொக்கியைத் தவறவிட்டான். எஃபி அவனை ஒதுக்கிவிட்டு, தானே வாரை இழுத்துக் கட்டினாள். எந்த வார் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவிழ்த்தவள் அல்லவா. அவசரத்தில் நான் நெருப்பை மிதித்து அணைக்க மறந்துவிட்டேன். என் வேலையில் அது மன்னிக்க முடியாத தப்பு. ஈரப் புதர் என்பதால் பரவவில்லை, புகைந்துகொண்டே கிடந்தது.

மூவரும் குதிரையோடு இறங்கினோம். ஓடைத் துறைக்கு வந்ததும் எஃபி நின்றாள்.

“எங்க உக்காந்திருந்தே?”

மர்டோ ஒரு கல்லைக் காட்டினான். அவள் அதில் போய் உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

“இங்கேர்ந்து பாறையில ஆளு தெரியுமா?”

“தெரியாது அக்கா. புகை மட்டும்தான் தெரியும். தூரக்கண்ணாடி இருந்தாத்தான் ஆளு தெரியும்.”

“லாக்லன்கிட்ட கண்ணாடி இருந்துச்சு, மர்டோ.”

அவனுக்கு அது உடனே உறைக்கவில்லை. எஃபி சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள். லண்டன் துரை எழுதியது. ஒரு வருஷம் ஆகியும் தூக்கம் வரவில்லையாம் அவருக்கு. அவள் வெளிச்சத்தில் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“‘ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்தோம். உங்கள் கணவர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. உங்கள் தம்பி எங்கே வருகிறார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிளம்பிவிட்டான் என்றார். பிறகு, ஓடையைத் தாண்டிவிட்டான் என்றார். கை தளர்ந்து கண்ணாடி நழுவும்போது, பாருங்கள், எப்படி ஓடி வருகிறான் என்றார். உங்கள் தம்பி எவ்வளவு விரைந்து வந்தார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.’”

மர்டோ கடிதத்துக்குக் கை நீட்டினான்.

“நீ இங்க பைப்புப் புடிச்சதை அவன் பார்த்துக்கிட்டே இருந்திருக்கான்,” என்றாள் எஃபி. “கடைசி வரைக்கும் உன்னைக் காட்டிக் குடுக்கல.”

நான் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். திரும்பியபோது மர்டோ மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பாறையில் நான் அணைக்காமல் விட்ட நெருப்பிலிருந்து ஒற்றைப் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. அவன் கால்கள் கிளம்பிவிட்டன. குதிரை என் கையில் இருக்கிறது, மான் அதன் முதுகில் இருக்கிறது, நாங்கள் மூன்று பேரும் இங்கே இருக்கிறோம். அது எதுவும் அவன் கண்ணில் படவில்லை. ஓடைக்குள் இறங்கி ஓட ஆரம்பித்தான்.

எஃபி எழுந்து தண்ணீருக்குள் பாய்ந்து அவன் கோட்டைப் பிடித்தாள். அவன் திமிறினான். அவள் விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்து, அந்தக் கல்லில் தன் பக்கத்தில் அவனை உட்கார வைத்தாள்.

“உக்காரு,” என்றாள். “உக்காருடா. இனிமே அங்க யாரும் இல்ல.”