கீப்பரிடம் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகள்

ஈரப் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் இடது கை கீப்பர் அண்ணனின் பிடரியைத் தாங்கியிருக்கிறது, வலது கையில் தண்ணீர் சொட்டும் ஸ்பாஞ்சு. நாலு எட்டு தள்ளி ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். கேலரியில் மதுரையே எழுந்து நின்று கத்துகிறது. கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டி. முதல் பாதியில் பாதி போயிருக்கிறது, இன்னும் கோல் விழவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் எத்தனை தடவை திரும்பிப் போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பல் தேய்க்கும்போது வரும். சிக்னலில் வண்டியை நிறுத்தும்போது வரும். பக்கத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் கட்டாயம் வரும்.

அப்போது நான் எங்கள் ஊர் அணியின் பிசியோ. சுளுக்கு, தசைப்பிடிப்பு, முட்டிவலி எல்லாம் என் பாடு. ஆஸ்பத்திரியில் கௌரவமாக உட்கார்ந்து வேலை பார்ப்பாள் என்று என்னைப் படிக்க வைத்த அப்பா, இருபத்தைந்து ஆம்பளைகளின் தொடையைப் பிடித்துவிடவா படித்தாய் என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். அணியிலும் முதல் சில வாரம் ஒருவரும் என்னிடம் வலியைச் சொல்ல மாட்டார்கள். நொண்டிக்கொண்டே வந்து ஒன்றுமில்லை என்பார்கள். அந்தக் கூச்சத்தை உடைத்தவர் கீப்பர் அண்ணன்தான். பேரையூர்ப் பக்கத்தில் பருத்தி விதைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கம்மா என்று அவர் சொல்லும், வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் கோல் போஸ்டுக்குப் பதில் இரண்டு கருவேலங்கம்பை நட்டு ஆடிப் பழகியவர். அணியில் அவர்தான் மூத்தவர். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான். சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது ஒரு குறைச்சல். மணி என்ன என்று கேட்டால், ஏன், தாலி கட்டப் போறியா என்பார்கள். அந்த நக்கலை விரோதமாக எடுத்துக்கொள்கிறவன் வெளியூர்க்காரன். எங்கள் உடை மாற்றும் அறையில் அதுதான் பேச்சு மொழி, அதில் கீப்பர் அண்ணன் சக்கரவர்த்தி. தலையில் அடிபட்ட ஆட்டக்காரரிடம் கேட்பதற்கென்று ஐந்து கேள்விகள் உண்டு. இது எந்த மைதானம், இது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. சீசன் தொடங்கும்போதே ஒவ்வொருவரிடமும் ஒரு முறை கேட்டு, அவரவர் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று குறித்து வைப்பது வழக்கம். இது எந்த மைதானம் என்று கீப்பர் அண்ணனிடம் கேட்டதற்கு, "ஏன், பத்திரம் முடிக்கப் போறீகளா?" என்றார். போன ஆட்டத்தில் ஜெயித்தோமா என்றதற்கு, "நான் ஜெயிச்சேன். மத்த பத்துப் பேரும் வேடிக்க பாத்தாய்ங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அவர் தாளில் ஐந்து கேள்விக்கும் எதிரே 'சரி' என்று எழுதிக்கொண்டேன். ஒழுங்கான பதிலைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அப்படிக் கேட்டால் நக்கல் தெரியாதவள் என்று பெயர் வந்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவு அல்பமான பயம்.

இறுதிப் போட்டியில் ஒரு கார்னர் பந்துக்கு அவர் பாய்ந்தபோது எதிரணிக்காரரின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. நான் ஓடிப் போனேன். ரத்தம் இல்லை, கண் திறந்திருந்தது. அடையாளம் கண்டு டாக்டரம்மா என்று கூப்பிட்டார், அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. எந்த மைதானம் அண்ணே என்று கேட்டேன்.

"எங்கூரு கம்மாதான்" என்றார்.

எந்தப் பாதி என்று கேட்டேன். "தண்ணி வாரதுக்குள்ள முடிச்சிறணும் டாக்டரம்மா" என்றார். பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரன் வெடித்துச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்டுக் கிடக்கும்போதும் மனுஷன் அடங்க மாட்டேன் என்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. ரெஃப்ரி என்ன என்று சைகையில் கேட்டார். மூன்று கேள்வி மிச்சம் இருக்க, நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவர் எழுந்து ஆடினார். நன்றாகவே ஆடினார் என்பதுதான் கொடுமை. இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டியைத் தடுத்தார், அந்தப் பாய்ச்சலில் தலை போஸ்டில் மோதியது. உடனே எழுந்து நின்றதால் நான் கோட்டைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. ஒரு கோல் கணக்கில் ஜெயித்தோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள், கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "கெளம்பலாமா டாக்டரம்மா, மேட்ச்சுக்கு நேரமாச்சே" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் எழுந்து அவர் பக்கத்து இருக்கைக்குப் போனேன். பெரியார் பஸ் நிலையம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தார். பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். மூளைக்குள் ரத்தக் கசிவு, ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார். முதல் அடி பட்டதுமே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று அந்த டாக்டர் சொன்னபோது கோச்சும் நானும் மட்டும்தான் இருந்தோம். கோச் என் பக்கம் திரும்பி, கேள்வியெல்லாம் கேட்டாயல்லவா என்றார். கேட்டேன் சார் என்றேன். அறிக்கையிலும் ஐந்து கேள்வி கேட்டதாகத்தான் எழுதினேன்.

அதைவிடப் பெரிய பாவத்தை வராந்தாவில் செய்தேன். மதினி, அதாவது கீப்பர் அண்ணனின் மனைவி, பேரையூரிலிருந்து கார் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்று காலை போனில், கப்பு இல்லாமல் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லுக்காகத்தான் மனுஷன் வலியை மறைத்துக்கொண்டு ஆடிவிட்டார், என் வாய்தான் அவரைத் தின்றுவிட்டது என்று என் தோளில் சாய்ந்து திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்படியெல்லாம் இல்லை மதினி, விதி என்றேன். விதி என்ற சொல் எங்கள் பக்கத்தில் எவ்வளவு வசதியானது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சீசனுக்கு நான் போகவில்லை. இப்போது ஊருக்குள் சின்னதாக ஒரு பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கிறேன். முதுகுவலிக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் வருகிறார்கள், கேட்டதற்குக் கோணலாகப் பதில் சொன்னால் மறுபடியும் கேட்கிறேன். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியாயிற்று, இருக்கட்டும். கீப்பர் அண்ணன் அதற்குப் பிறகு கையுறை மாட்டவில்லை. பருத்திக் காட்டுக்குப் போவார், போன வழி மறந்து வரப்பிலேயே உட்கார்ந்திருப்பார். இறுதிப் போட்டி அவர் நினைவில் துளியும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேரையூருக்குப் போய் அவர் கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு வருவேன். ஊரே என்னைப் புகழும், கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று. எட்டு வருஷமாக அந்தப் புகழ்ச்சியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

இந்த வருஷ இறுதிப் போட்டி அன்று நான் பேரையூர் வீட்டில் இருக்கும்படி ஆகிவிட்டது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. கீப்பர் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ எவரோ ஆடுவதைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவே ஒரு கீப்பர் அடிபட்டு விழுந்தார். பிசியோ ஓடி வந்தான், சின்னப் பையன். ஏதோ கேட்டான். உடனே மாற்று ஆள் வேண்டும் என்று கையைச் சுழற்றிக் காட்டினான். அந்தக் கீப்பர் போக மாட்டேன் என்று கையுறையைக் கழற்றி அவன் மேலேயே எறிந்தார். பையன் அசையவில்லை. மதினி கீரை ஆய்ந்துகொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "இவரும் அன்னைக்கு இப்பிடித்தான் வலிய மறைச்சிருப்பாரு. நான் சொன்ன சொல்லு."

அந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவள்தான். அன்று முடியவில்லை. "அவரு மறைக்கல மதினி" என்றேன். "எங்கூரு கம்மான்னு என்கிட்டச் சொன்னாரு. நக்கல்னு நெனச்சுச் சிரிச்சிட்டேன். மிச்சத்தக் கேக்கவே இல்ல."

மதினி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதச் சொல்றப்ப இவரு சிரிச்சாரா?" என்று கேட்டார். சிரித்தார் என்றேன். பல் தெரியச் சிரித்தார், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நக்கல் பேசுறப்ப இவரு சிரிக்கவே மாட்டாரும்மா. அம்புட்டு நாள் கூட இருந்த ஒனக்கு இது தெரியலையா?"

உண்மைதான். ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு முகத்தை உம்மென்று வைத்திருப்பதுதான் அவர் நக்கலின் உயிரே. இரண்டு சீசன் சிரித்த நான், நக்கல் பேசும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. மதினி ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார். பிறகு, "ஆஸ்பத்திரியில நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதப்ப ஒனக்கு இது தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மதினி."

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். இந்த எட்டு வருஷத்தில் எந்த நேரம் போனாலும் ஒரு வாய் சாப்பிடாமல் என்னை அந்த வீட்டிலிருந்து அனுப்பியதில்லை. அன்று, "பஸ்சுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கீப்பர் அண்ணன் குரல் கொடுத்தார்.

"சாப்புட்டீகளா டாக்டரம்மா?"

மதினி என் பக்கம் திரும்பவில்லை. சாப்பிட்டேன் அண்ணே என்று சொல்லிவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.