எட்டு பிரெட்போர்டுகளுக்கு ஒரு பவர் சப்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு கடிதம் எழுதுவதென்றாலே இரண்டு நாள் தள்ளிப்போடுவேன். மல்லாவியில் றேடியோ, ரீவி, மின்விசிறி திருத்துகிற சிறிய கடை வைத்திருக்கிறேன். பவர் சப்ளை செய்வதைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் நிறையப்பேர் இருப்பார்கள். ஆனால் நான் விட்ட பிழைகளை அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். இந்த வேலையைப் பழகுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பிழைகள் உதவலாம் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

1. பையில் வந்தவை

தர்சினி ரீச்சர் ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு வந்தார். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவர். சொந்த ஊர் வவுனியா, கிழமை நாட்களில் இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு பையை மேசையில் கவிழ்த்தார். விரலளவு பவர் சப்ளை போர்டுகள் விழுந்தன. எல்லாம் கருகியிருந்தன.

“உதெல்லாம் பிரெட்போர்டுக்குப் பவர் குடுக்கிறது அண்ணை. திருத்தேலுமோ?”

பிரெட்போர்டைத் தெரியாதவர்களுக்கு: அது சிறு துளைகள் நிறைந்த வெள்ளைப் பலகை. சோல்டர் பண்ணாமல் பாகங்களைத் துளைகளில் குத்தி மின்சுற்றை அமைக்கலாம். பிழைவிட்டால் பிடுங்கிவிட்டு மறுபடி குத்தலாம். அதன் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாக ஓடுகிற வரிசைகளுக்குத்தான் பவர் கொடுக்க வேண்டும். சிவப்பு பிளஸ், நீலம் மைனஸ்.

திருத்தினாலும் மறுபடி எரியும் என்று சொன்னேன். அவை விலை குறைந்த ரெடிமேட் போர்டுகள். பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் அதிலிருக்கிற சின்ன ரெகுலேட்டர் சூடு தாங்காது. பள்ளியில் இருந்தவையோ எல்லாம் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர்கள்.

“அப்ப நீங்களே ஒண்டு செய்து தாங்கோவன். எட்டு மேசை இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அதிபர் சொல்லிப்போட்டார், இன்னும் ஒருக்கா வகுப்பில புகை வந்தா சாமான் அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் தானே வைச்சிருப்பன் எண்டு. பிறகு பிள்ளையள் செய்முறைய படத்திலதான் பாக்க வேணும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் அவர் கேட்டவுடனேயே நான் முடிவெடுத்துவிட்டேன். றேடியோ திருத்தக் கொண்டுவருகிறவர்கள் இப்போது இல்லை. ரீவி பழுதானால் புதிது வாங்குகிறார்கள். ஒரு நாள் முழுவதும் யாரோடும் கதைக்காமல் கடையைப் பூட்டிக்கொண்டு போவது எனக்குப் பழகிவிட்டிருந்தது. ஒரு சுற்றைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டு எத்தனை காலம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

2. குமிழ்

நான் முதலில் வரைந்த சுற்றில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. அதைப் பெருமையாகத்தான் காட்டினேன். ஒன்றரை வோல்ட்டிலிருந்து ஒன்பது வரை எது வேண்டுமோ அதை எடுக்கலாம்.

ரீச்சர் படத்தைப் பார்த்தார். “குமிழ் இருந்தா பிள்ளையள் திருப்பிப் பாப்பினம் அண்ணை.”

“திருப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்.”

“நானே திருப்பிப் பாப்பன்” என்று சிரித்தார்.

ஐந்து வோல்ட்டுக்கு மேலே போனால் அவர்கள் பாவிக்கிற ஐசிகள் செத்துவிடும். எனவே குமிழை எடுத்துவிட்டேன். 7805 ரெகுலேட்டர், அதன் முதுகில் நல்ல பெரிய அலுமினியத் துண்டு, வெளியே ஐந்து வோல்ட் மட்டும். பவர் நுழைகிற வாசலில் நான்கு டயோட்டுகளை பிரிட்ஜாகப் போட்டேன். அடாப்டரின் முனையில் பிளஸ் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் கவலையில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரீச்சர் வவுனியா பஸ் எடுக்கமுன் கடைக்கு வந்து போனார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ராசம்மா அக்கா இதைக் கவனிக்காமல் இருப்பாவா?

“என்ன தம்பி, இண்டைக்கு சேர்ட் மினுக்கிப் போட்டிருக்கிறீர்?”

“சும்மாதான் அக்கா.”

“சனிக்கிழமையில மட்டும் உமக்குச் சும்மா வாறது.”

ரீச்சர் என்னைவிட மிகவும் இளையவர், கலியாணமாகிப் பிள்ளை இருக்கிறவர். அக்கா நினைத்தது அல்ல விடயம். ஆனால் அதை எப்படி அக்காவுக்கு விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

3. முடிச்சு

முதல் மாதிரியை, பிரெட்போர்டில் குத்த இரண்டு வயர்களோடு, வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ரீச்சர் வந்தபோது முகம் சரியில்லை.

“புகை வந்திட்டுது அண்ணை.”

அதிபர் உடனே அலுமாரியைப் பூட்டச் சொன்னாராம். ரீச்சர் கெஞ்சிக் கேட்டு இன்னும் ஒரு தவணை அவகாசம் வாங்கியிருக்கிறார். இன்னொரு முறை என்றால் கதையே இல்லை.

கழற்றிப் பார்த்தேன். ஐந்து வோல்ட் சரியாகவே வந்தது. எரிந்தது பிரெட்போர்டில் இருந்த ஐசி. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் குத்தியிருக்கிறார்கள்.

“அதெப்படி மாறும்? முடிச்சுப் போட்டுத்தானே தந்தனான்.”

“முடிச்சோ?” ரீச்சர் சற்று யோசித்தார். “வயரில முடிச்சு விழுந்திருக்கெண்டு பிள்ளையள் அவிட்டுப்போட்டினம். கஷ்டப்பட்டு அவிட்டவை, பாவங்கள்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. எங்கள் கடையில் முடிச்சுப் போட்ட வயர் பிளஸ். யுத்தத்தில் கரண்ட் இல்லாமற்போன அந்த வருடங்களில், சைக்கிள் டைனமோவாலும் பழைய பற்றரியாலும் றேடியோ பாட வைத்த காலத்தில், சிவப்பு வயர், கறுப்பு வயர் என்று பார்க்க வழியில்லை. எது கிடைத்ததோ அதுதான் வயர். இரண்டும் ஒரே நிறமாக இருக்கும். பிளஸ்ஸில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். இப்போது வேண்டிய நிறத்தில் வயர் கிடைக்கிறது. ஆனாலும் கை பழைய சாம்பல் நிற ரெலிபோன் வயரைத்தான் எடுத்தது, தானாகவே முடிச்சுப் போட்டது.

“எங்களுக்கு முடிச்செண்டா பிளஸ், ரீச்சர்.”

“எங்களுக்கெண்டா, ஆருக்கு அண்ணை?”

சொல்ல வாயெடுத்தேன். என்னோடு இதே மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து வேலை செய்த யோகன் பிரான்சுக்குப் போய்விட்டான். முதலில் ஞாயிறுகளில் கதைப்பான், பிறகு வருடப்பிறப்புக்கு, பிறகு அதுவும் இல்லை. அவனையும் விட்டால் அந்த முடிச்சை வாசிக்கத் தெரிந்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

“எனக்குத்தான்” என்றேன்.

4. பலகை

வயரே இல்லாமல் செய்வதுதான் வழி என்று ரீச்சர் சொன்னார். அது நல்ல யோசனை. பவர் சப்ளையின் அடியில் ஊசிகளை வைத்து, நேரே பிரெட்போர்டின் வரிசைகளில் குத்தும்படி செய்தேன். ஆனால் அதையே பிரெட்போர்டின் மற்ற அந்தத்தில் திருப்பிக் குத்தினால் பிளஸ்ஸும் மைனஸும் மறுபடி மாறிவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, ரீச்சர். கடையிலேயே திருப்பிக் குத்திக் காட்டினார்.

கடைசியில் ஒரு பிளைவூட் துண்டை எடுத்து அதில் பிரெட்போர்டை ஒட்டினேன். அதன் இடது அந்தத்தில் பவர் சப்ளையைக் குத்தி, நான்கு ஸ்க்ரூவால் பலகையோடு இறுக்கினேன். இனிக் கழற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது. பிள்ளை பலகையைத் தூக்கி மேசையில் வைத்து அடாப்டரைச் செருகினால் போதும். பச்சை லைட் எரிந்தால் பவர் இருக்கிறது.

5. பியூஸ்

மிச்சம் இருந்தது ஒரு விடயம். பிள்ளைகள் எப்படியும் பிளஸ்ஸையும் மைனஸையும் நேரே தொடவைத்து ஷோர்ட் பண்ணுவார்கள். அதற்கு உள்ளே ஒரு கண்ணாடி பியூஸ் வைத்து முதல் பலகையை முடித்தேன்.

“பியூஸ் போனா பிள்ளையளைத் திறக்க விடாதேங்கோ. என்னட்டைக் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்” என்றேன்.

“அதுக்கென்ன, சனிக்கிழமையில கொண்டு வாறன்” என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. எட்டுப் பலகைகள். கிழமைக்கு ஒன்றாவது வரும். ரீச்சர் வருவார், வகுப்பில் நடந்ததைச் சொல்வார், புதிதாக ஏதாவது கேட்பார். இரண்டாவது பலகைக்கும் கண்ணாடி பியூஸ் எடுத்து வைத்தேன்.

அடுத்த நாள் அந்தப் பியூஸுக்கு சோல்டர் பண்ணிக்கொண்டிருந்தபோது வகுப்பை நினைத்துப் பார்த்தேன். செய்முறை வகுப்பு புதன்கிழமை. வகுப்பு தொடங்கியவுடனே ஒரு பிள்ளை ஷோர்ட் பண்ணினால், அந்த மேசைப் பிள்ளைகள் பாடம் முடியும்வரை மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பலகை என்னிடம் சனிக்கிழமை வந்து, திங்கட்கிழமைதான் திரும்பிப் போகும். அதோடு, பியூஸ் போனதும் அதிபர் காதில் விழும். அவருக்குப் பியூஸும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான்.

தானே மீளுகிற பியூஸ் ஒன்று இருக்கிறது. கூடுதலாக மின் பாய்ந்தால் சூடேறி மறித்துவிடும். ஆறினதும் தானாக விட்டுவிடும். மாற்றவே தேவையில்லை. இது எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும். வவுனியாவில் கிடைக்கும் என்பதும் தெரியும்.

சோல்டரிங் அயனை ஆற வைத்துவிட்டு வவுனியா பஸ் எடுத்தேன்.

6. வெள்ளிக்கிழமை

எட்டுப் பலகைகளையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அதிபர் வகுப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரீச்சர் பச்சை லைட்டைக் காட்டினார். நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துப் பிடித்தேன். லைட் நின்றது.

“என்ன, உதுவும் முடிஞ்சுதோ?” என்றார் அதிபர்.

“கொஞ்சம் பொறுங்கோ, சேர்.”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். லைட் மறுபடி எரிந்தது. அதிபர் குனிந்து மோந்து பார்த்தார். தானும் ஒருமுறை ஷோர்ட் பண்ணிப் பார்த்தார். பிறகு அடுத்த பலகையிலும் பண்ணினார். மூன்றாவதில் ரீச்சர் அவரைத் தடுக்க வேண்டியிருந்தது.

“சரி ரீச்சர், அலுமாரித் திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரீச்சர் என்னைப் பள்ளிக்கூடக் கேற் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். “பெரிய உதவி அண்ணை. ஒவ்வொரு சனியும் வந்து உங்களைக் கரைச்சல் படுத்தினனான். இனி அந்தக் கரைச்சல் இல்லை.”

“ஓம்” என்றேன். அது எனக்குக் கரைச்சலாக இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பொருளை வசதியாகச் செய்யப் போகிறோம் என்றால், யாருக்கு வசதி என்பதை முதலில் முடிவெடுங்கள். பாவிக்கிறவரின் கையில் இருந்து யோசியுங்கள். நல்லபடி செய்த பவர் சப்ளை செய்தவனிடம் திரும்பி வராது. அது வருத்தமாக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கடையை வழமைபோலத் திறந்தேன். பதினொரு மணிபோல ஒருவர் வந்து ரிமோட்டுக்குப் பற்றரி கேட்டார். அந்த அளவு என்னிடம் இருக்கவில்லை.