எங்கள் உபவாசமும் மாசியின் சோறும்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் இருந்தோம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் சாயங்காலம் வரை சாப்பிடுவதில்லை என்று தமிழ்ச் சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

பத்தே நாளில் எனக்கு வெறுத்துவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் மீன்குழம்பு ஞாபகம்தான் வந்தது. ஆபீஸில் கோப்பைத் தூக்கி எறிந்தேன். வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வீட்டு வேலைக்கு வரும், வங்காள வழக்கப்படி நாங்கள் மாசி (சித்தி) என்று கூப்பிடும் அம்மாள் பாதி பெருக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்களே பட்டினியா இருக்கோம், உனக்கு என்ன களைப்பு?" என்று கத்தினேன்.

"அண்ணா, உங்க பூஜை எப்ப முடியும்? பத்து நாளா மத்தியானம் அடுப்பே எரியலையே. எனக்கும் சோறு இல்லையே," என்றாள் வங்காளத்தில்.

மனைவி பதறிப்போனாள். "ஐயோ, அவளுக்கு மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்லதானேங்க!"

வேலைக்குச் சேர்த்தபோது பேசியதே அதுதான். இருவருக்கும் மறந்தே போயிருந்தது.

உடனே உலை வைத்தோம். சோறு வேகும்வரை அவள் எழுந்து மீதி வீட்டைப் பெருக்கினாள்.

இன்றும் சபையில் யாராவது தன் உபவாசத்தைச் சாட்சியாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் அவர்கள்மேல் இல்லை. என் பட்டினியை நான் ஊரெல்லாம் சொன்னேன். அவள் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை.